ஏரியும் குன்றும் காடும்: டெல்டாவில் குழந்தைகளோடு எங்கே நடக்கலாம்?

கோயம்புத்தூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பொங்கல் விடுமுறையில் தஞ்சாவூரில் நான்கு நாள் தங்கப் போகிறீர்கள். ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலி உள்ள அம்மா. பெரிய கோயிலும் அரண்மனையும் பார்த்த பிறகு, கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி நடந்ததுபோல இங்கேயும் ஒரு ஏரி, பக்கத்தில் சின்னக் குன்று, கொஞ்சம் மரநிழல் என்று இடம் உண்டா, பயமில்லாமல் நடக்கலாமா என்பது உங்கள் கேள்வி. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நீங்கள் கேட்பது இடங்களின் பட்டியல் இல்லை என்று தோன்றியது. பிள்ளைகள் முன்னால் ஓடினால் நாம் பின்னால் நிம்மதியாக வர முடிகிற பாதை எது என்பதுதான் உங்கள் மனதில் இருக்கிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

காவிரியின் கிளையான வெண்ணாற்றின் பாசனப் பகுதியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரை நடப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் லஸ்கரோடு, அதாவது கரையையும் மதகையும் கவனிக்கும் ஊழியரோடு, டார்ச் லைட் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க நடந்திருக்கிறேன். அதனால் தண்ணீர், கரை, மதகு பற்றி நான் சொல்வதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். பறவைகளைப் பற்றிச் சொல்வது கரையில் பார்த்துப் பழகியது. மரங்களும் அப்படித்தான். அவற்றை முறையாகப் படித்தவன் இல்லை.

உறுதியான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏரி, குன்று, காடு மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து டெல்டாவுக்குள் கிடையாது. இந்த மண் முழுக்கக் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் நிலம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காது. அதனால்தான் ஆறு இத்தனை கிளையாகப் பிரிந்தது, அதனால்தான் வாய்க்கால் வெட்டிய இடமெல்லாம் தண்ணீர் பாய்கிறது. குன்று வேண்டும் என்று ஆசைப்பட்ட எங்கள் முன்னோர் அதையும் கட்டித்தான் வைத்தார்கள். சுவாமிமலை அப்படி ஒரு கட்டுமலை. அறுபது படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு தமிழ் வருடத்தின் பெயர். பிள்ளைகள் தாங்கள் பிறந்த வருடத்தைத் தேடிக்கொண்டே ஏறிவிடுவார்கள். மற்றபடி எங்களுக்கு மலை என்றால் கரைதான். எட்டு, பத்து அடி உயரமுள்ள ஏரிக்கரையில் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கண்ணுக்கு எட்டின வரை வயல். சுற்றிலும் சமதளமாக இருப்பதால் அந்தப் பத்து அடியே பெரிய உயரமாகத் தெரியும். இங்கே நடை என்றால் கரைமேல் நடப்பது என்று வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம் இருக்காது.

உங்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் வடுவூர் ஏரி. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற சாலையில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். 128 ஹெக்டேர் பரப்பு. 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அடிப்படையில் இது பாசன ஏரி. ஆடி, ஆவணியில் ஆற்றுத் தண்ணீர் வந்து சேரும், அப்புறம் வடகிழக்குப் பருவமழை நிரப்பும், சித்திரை வாக்கில் தரை தெரியும். நீங்கள் வரும் தை மாதத் தொடக்கம் இதற்கு மிக நல்ல நேரம். மழை ஓய்ந்திருக்கும், ஏரியில் தண்ணீர் இருக்கும், வெளியூர்ப் பறவைகளும் இருக்கும். எத்தனை பறவை என்பதை மட்டும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மழை நன்றாகப் பெய்து ஊர்க்குளமெல்லாம் நிரம்பிய வருடத்தில் பறவைகள் நாலாபக்கமும் பரவிவிடும், ஏரியில் குறைவாகத் தெரியும். மழை சுமாரான வருடத்தில் எல்லாம் இங்கேயே வந்து குவியும். நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

வடுவூரில் கரைமேல் நடக்கலாம், பார்வைக் கோபுரம் இருக்கிறது. காலை ஆறரைக்கு அங்கே இருங்கள். தை மாதப் பனி தண்ணீர்மேல் புகைபோல நிற்கும். வெயில் ஏற ஏற அது விலகி, ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மரத்தில் வெள்ளையாக இருப்பது பூ என்று பிள்ளைகள் நினைப்பார்கள், அது சிறகு விரிக்கும்போதுதான் நாரை என்று தெரியும். கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, ஊசிவால் வாத்து எல்லாம் இங்கே வரக்கூடியவை. ஆனால் பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது நத்தைகுத்தி நாரைதான். பெரிசாக இருக்கும், பயப்படாது, வயலிலேயே பக்கத்தில் நின்று மேயும். அதன் அலகை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், பாக்குவெட்டியைப் பாதி மூடியதுபோல. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளரும்போதுதான் வரும். நத்தையை அது உடைத்துத் தின்பதில்லை. கீழலகின் நுனியை உள்ளே விட்டு சதையைத் தனியாக இழுத்துவிடும். வயல் வரப்பிலும் கரையோரத்திலும் முழுசாகக் கிடக்கும் காலி நத்தை ஓடுகள் அதற்குச் சாட்சி. ஒரு ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த பிள்ளை, அடுத்த ஒரு மணி நேரத்துக்கு ஓடாது. குனிந்து தேடிக்கொண்டே நடக்கும். உங்கள் கவலையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

முழு ஏரியையும் சுற்ற நினைக்காதீர்கள். கொடைக்கானல் ஏரியைப் போலச் சுற்றுச்சாலை போட்ட இடம் இல்லை இது. போய்த் திரும்புகிற நடைதான் சரி. கண்ணுக்குத் தெரிகிற ஒரு மதகையோ ஒரு புளியமரத்தையோ காட்டி, "அது வரைக்கும்" என்று சொல்லிவிட்டு நடங்கள். ஆறு வயசுப் பிள்ளைக்குப் போக ஒரு கிலோமீட்டர், வர ஒரு கிலோமீட்டர் தாராளம். அம்மா ஊருக்குள் கோதண்டராமர் கோயிலில் இருக்கலாம். அந்த ராமரின் முகத்தைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

இப்போது பயம் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் பயப்படுவது ஒன்று, பயப்பட வேண்டியது வேறு. ஏரிக்கரையில் பயப்பட வேண்டிய இடம் நடைபாதை இல்லை, மதகு. தண்ணீர் உள்ளே இழுபடுகிற இடம் மேலே அமைதியாகத்தான் தெரியும். மதகின் உட்பக்கம் எந்தப் பிள்ளையையும் குனிந்து பார்க்க விடாதீர்கள். வெளிப்பக்கம், தண்ணீர் வாய்க்காலில் வந்து விழும் இடத்தைத் தள்ளி நின்று காட்டலாம். அடுத்தது வெங்காயத்தாமரை. மிதக்கும் இந்தச் செடி அடர்ந்து கிடந்தால் பச்சைப் புல்தரைபோலவே இருக்கும், நகரத்துப் பிள்ளை அதைத் தரை என்று நம்பிக் கால் வைக்கும். முதல் நாளே ஒரு கல்லைத் தூக்கி அதன்மேல் போட்டுக் காட்டுங்கள். கல் மறைவதைப் பார்த்த பிள்ளைக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது, தஞ்சாவூருக்குள்ளேயே ஓடும் புது ஆறு. கல்லணைக் கால்வாய் என்று சொல்வார்களே, 1934இல் மேட்டூர் அணையோடு பயன்பாட்டுக்கு வந்தது. அதன் கரையில் மரநிழல் அருமையாக இருக்கும். ஆனால் சிமெண்ட் சரிவு போட்ட பகுதியில் பாசி பிடித்தால் பிடிமானமே கிடையாது, தண்ணீரின் வேகமும் அதிகம். நீச்சல் தெரிந்தவர்களே ஏற முடியாமல் போன இடம். அங்கே பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மணல் தெரிகிற ஆறு. மேட்டூரை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். தண்ணீர் இருப்பைப் பொறுத்துத் தேதி மாறும். இடையிலும் எல்லா ஆற்றிலும் எல்லா நாளும் தண்ணீர் ஓடாது. முறை வைத்து விடுவார்கள். இன்றைக்கு மணல் தெரிகிற ஆற்றில் நாளைக்கு இடுப்பளவு ஓடலாம். பல வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜூன் மாதம், முதல் தண்ணீர் வருகிற நேரம். எங்களுக்கு எந்த ஊரை எப்போது தொடும் என்று கணக்குத் தெரியும். நான் கரைமேல் சைக்கிளில் முன்னால் போய் ஆட்களை மேலே ஏறச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு வளைவில் ஆற்று மணலில் ஜமுக்காளம் விரித்து ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தண்டோரா போட்டிருக்க வேண்டிய ஊரில் போடவில்லை. தண்ணீர் பாய்ந்து வராது, அதுதான் ஏமாற்றுவது. மனிதன் நடக்கிற வேகத்தில், நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு, பாம்பு நாக்கு நீட்டுவதுபோல விரல் விரலாக வரும். காய்ந்த மணல் சுர்ரென்று சத்தத்தோடு குடிக்கும். வளையிலிருந்து எறும்பும் பிள்ளைப்பூச்சியும் தப்பித்து ஓடும். அதைப் பார்த்த இரண்டு குழந்தைகளும் சந்தோஷத்தில் தண்ணீரை நோக்கித்தான் ஓடினார்கள். அவர்களைத் தூக்கிக் கரையில் ஏற்றியபோது கணுக்கால் அளவு. ஜமுக்காளத்தை மடித்து முடிப்பதற்குள் முழங்கால். ஒரு மணி நேரத்தில் அந்த இடத்தில் நான் மூழ்கியிருப்பேன். கரையில் நின்று பார்த்தால் அதைவிட அழகான காட்சி டெல்டாவில் இல்லை. ஆற்றுக்குள் நின்று பார்க்கக் கூடாது. மணல் அள்ளிய பள்ளங்கள் வேறு உள்ளே மறைந்திருக்கும், பக்கத்துப் பக்கத்தில் ஓரிடம் முழங்கால், ஓரிடம் இரண்டு ஆள் ஆழம் இருக்கும்.

பாம்பு பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் வருவது சம்பா அறுவடை நேரம். வயலில் எலி இருக்கும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும், அறுவடை இயந்திரம் இறங்கினால் இரண்டும் கரைக்கு ஏறும். ஆனாலும் பகலில், வெட்டவெளிப் பாதையில், ஷூ போட்டு நடக்கிறவர்களை அது தேடி வந்து கடிப்பதில்லை. வைக்கோல் போரில் ஏற வேண்டாம், பொந்தில் கைவிட வேண்டாம், இருட்டிய பிறகு கரையில் வேண்டாம். கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து இருக்கிற இடத்துக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதே கணக்கு.

குன்றுதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் நார்த்தாமலைக்குப் போங்கள். டெல்டா முடிந்து புதுக்கோட்டைப் பாறை நிலம் தொடங்குகிற இடம். தஞ்சாவூரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது குன்றுகள். அனுமார் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டுகள் என்று ஊரில் சொல்வார்கள். நீங்கள் ஏற வேண்டியது மேலமலை. செங்குத்து இல்லை, சரிந்த பாறைமேல் நடந்தே போகலாம். வழியில் சுனை இருக்கிறது, மேலே விஜயாலய சோழீச்சுரம் நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில், முத்தரையர் காலத்துப் பணி என்று கல்வெட்டை வைத்துச் சொல்கிறார்கள். எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குடைவரைகள். ஒன்றில் ஆள் உயரத் திருமால் சிற்பங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கும். சின்னவன் எண்ணிப் பார்க்கட்டும். கீழே ஏரியும் புதர்க்காடும் தெரியும். நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே பார்வையில் விழுகிற இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இதுதான். ஒரே குறை, பாறையில் நிழல் கிடையாது. தை மாதத்திலும் பத்து மணிக்கு மேல் கல் சுடும். ஏழு மணிக்கு ஏறி ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள். சுனை ஓரத்தில் பாசி இருக்கும், கிட்டே போக வேண்டாம். அம்மாவை மேலே கூட்டிப்போக முயல வேண்டாம், ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம். கீழே ஊரில் முத்துமாரியம்மன் கோயில் பிரசித்தம், அவர் அங்கே இருக்கலாம்.

காடு என்றால் கோடியக்கரை. டெல்டாவின் தென்கிழக்கு மூலை, தஞ்சாவூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் போய்த் திரும்பினால் பிள்ளைகள் காரிலேயே களைத்துவிடும். வேதாரண்யத்தில் ஒரு ராத்திரி தங்க முடிந்தால் மட்டும் போங்கள். உயர்ந்த மரங்கள் உள்ள மலைக்காட்டை எதிர்பார்க்காதீர்கள். உலக்கைப்பாலை மாதிரி குட்டையான, வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கிற மரங்கள், நடுவே முள்ளும் கொடியும் பின்னிக் கிடக்கும். கடற்காற்றுக்குத் தலை சாய்த்து வளர்ந்த காடு அது. பக்கத்துப் புல்வெளியில் வெளிமான் கூட்டமாக மேயும். ஆண்மானின் முறுக்கிய கொம்பைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். மட்டக்குதிரைகளும் திரியும். ராமர் பாதம் என்று ஒரு மேடு இருக்கிறது, அந்த வட்டாரத்திலேயே உயரமான இடம். உயரம் நான்கு மீட்டர்தான். அதன்மேல் நின்று பாருங்கள், நான் கரையை மலை என்று சொன்னது ஏன் என்று புரியும். இது சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதித்த பாதையில், அவர்கள் சொல்லும் நேரத்தில்தான் நடக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பெரியவனுக்கு ஒன்று சொல்லலாம்: 1930இல் உப்பெடுக்க ராஜாஜி தலைமையில் நூறு பேர் போல திருச்சியிலிருந்து கிளம்பிப் பதினைந்து நாள் நடந்து வேதாரண்யம் வந்தது இந்த டெல்டா வழியாகத்தான்.

மற்ற ஏரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீராணம் பிரமாண்டமானது, பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டியது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதன் கரைமேல் வண்டிகள் ஓடும் சாலை போகிறது. பிள்ளைகளை ஓடவிட்டு நடக்கும் இடமாக நான் சொல்ல மாட்டேன். கொள்ளிடத்துக்கு வடக்கே கரைவெட்டி ஏரி 454 ஹெக்டேர், 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இமயம் தாண்டி வரும் வரித்தலை வாத்தைப் பார்க்க ஆசையிருந்தால் வடுவூருக்குப் பதிலாக அங்கே போகலாம். தண்ணீர்ப் பரப்பு பெரிது, பறவை தூரத்தில் இருக்கும், பைனாகுலர் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். கல்லணையும் முக்கொம்பும் அருமையான இடங்கள். காணும் பொங்கல் அன்றைக்கு மட்டும் போகாதீர்கள். அன்றைக்கு அங்கே கால் வைக்க இடம் இருக்காது, கூட்டத்தில் பிள்ளையைத் தேடுவது தண்ணீரோரத்தில் நடக்கக் கூடாத காரியம்.

அம்மாவும் சேர்ந்து நடக்க வேண்டும் என்றால் திருவாரூர்க் கமலாலயம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்கள். வேலி என்பது பழைய நில அளவு. குளம் மட்டுமே ஏறக்குறைய 33 ஏக்கர், நான்கு கரையும் சுற்றிவந்தால் ஒன்றரை கிலோமீட்டர் போல வரும். மேடு பள்ளம் இல்லை, முடியாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், காற்று வரும். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். பிள்ளைகளைப் படித்துறையில் இறங்க விடாமல் மேலேயே நடத்துங்கள். வடுவூர், மன்னார்குடி, திருவாரூர் மூன்றையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். காலை ஏரி, பிறகு மன்னார்குடியில் ராஜகோபாலசாமி, மதியம் ஓய்வு, மாலை கமலாலயம்.

நேரம் மீந்தால் நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில், அதாவது ஆறு பிரிகிற இடத்தில், கால் மணி நேரம் நில்லுங்கள். வெண்ணாறு அங்கே கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. எந்த ஆற்றுக்கு எவ்வளவு என்று சட்ரஸில், அதாவது ஆற்றின் குறுக்கே உள்ள மடைக்கதவுகளில், பலகையைத் தூக்கி இறக்கித்தான் பிரித்துக் கொடுப்பார்கள். நான் அதிக நாள் நின்ற இடம் அது. கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளைகளை நிறுத்தி, ஒரு காய்ந்த இலையை மேல்பக்கம் போடச் சொல்லுங்கள். அது எந்த ஆற்றில் போகிறது என்று பார்க்கட்டும்.